கூரையின் கணக்கு: தாமிரபரணிக் கரையில் பசுமைக் கட்டடச் சொற்கள்

பசுமைக் கட்டடம், ஆற்றல் திறன், வெப்பக் காப்பு, உள்ளுறை ஆற்றல், நிகரச் சுழியம் முதலிய சொற்கள் இன்று சிமெண்ட் மூட்டையிலும் ஏ.சி. லேபிளிலும் மனை விளம்பரத்திலும் அரசாணையிலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இவற்றில் சில அளவுகள். அவற்றுக்கு அலகு உண்டு, சோதிக்கும் முறை உண்டு. சில, ஓர் அமைப்பு தன் விதிப்படி வழங்கும் சான்றிதழின் பெயர்கள். மீதி வெறும் புகழுரை. ஒரு சொல் எதை அளக்கிறது, அதை எதனால் வகுக்கிறது, கணக்கின் எல்லையை எங்கே நிறுத்துகிறது என்று பார்த்தால் அது எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சொற்களில் பல, குளிர்நாட்டில் கதவடைத்துச் சூடேற்றும் வீட்டுக்காகப் பிறந்தவை, பிறகு ஏ.சி. போட்ட அலுவலகங்களுக்கு ஏற்பத் திருத்தப்பட்டவை. சன்னலைத் திறந்துவைத்து மின்விசிறியின் கீழ் வாழும் வீட்டில் அவற்றின் எடை மாறிவிடுகிறது. தாமிரபரணியின் கடைப்பகுதியில் உள்ள ஆழ்வார்திருநகரியில் வைத்து அவற்றைப் படித்தால் அந்த மாற்றம் தெளிவாகத் தெரியும்.

தூத்துக்குடி மாவட்டத்தில், ஆற்றின் தென்கரையில், திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையில் இருக்கிறது இவ்வூர். நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூர் இதுதான், நவதிருப்பதிகளில் ஒன்று. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் தென்கால் சுற்றிலும் நெல்லுக்கும் வாழைக்கும் பாய்கிறது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் நீண்ட பழைய வீடுகள். திண்ணை, தார்சா, பட்டாசல், முற்றம், அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அமைப்பு. அவற்றின் கூரை ஓடாகவோ, மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துக்கல்லாக அடுக்கிய கட்டைக்குத்தாகவோ இருக்கும். பொறியாளர்கள் இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். ஊரின் புதுப் பகுதிகளில் எங்கும் கான்கிரீட் தளம். ஒன்றியத்துக் கிராமங்களில் 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தின் வீடுகளும் வருகின்றன: 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மூன்றரை லட்சம் ரூபாய் உதவி.

இந்த 300 சதுர அடிக் கூரையைக் கொண்டே பல சொற்களைச் சோதித்துவிடலாம்.

யூ-மதிப்பு

ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பது வெப்பக் கடத்துத்திறன். அது பொருளின் குணம். தடிமன் அதில் சேராது. கான்கிரீட்டுக்கு இது ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 1.58 வாட், சுட்ட செங்கல்லுக்கு 0.81, தெர்மகோலுக்கு 0.035 என்று இந்தியக் கையேடுகள் எடுத்துக்கொள்கின்றன. சுவரோ கூரையோ முழுமையாக எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்வது யூ-மதிப்பு: உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பது. இதில் தடிமனும் அடுக்குகளும், இரு பக்கமும் ஒட்டியிருக்கும் காற்றுப் படலமும் சேரும். யூ-மதிப்பு குறையக் குறைய நல்லது. இதன் தலைகீழ் ஆர்-மதிப்பு. அது கூடக் கூட நல்லது. விளம்பரங்களில் இவை இடம் மாறிவிடுவதும் உண்டு.

12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் யூ-மதிப்பு ஏறத்தாழ 3.5. பழைய கட்டைக்குத்துக் கூரைக்கு, செங்கல்லும் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் சேர்த்து 20 சென்டிமீட்டர் என்று கொண்டால், 2.2 அளவில் வரும். மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன வாரியம் 2018-இல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு வைத்த உச்ச வரம்பு 1.2. பழையதும் புதியதும் இரண்டுமே வரம்புக்கு வெளியேதான் நிற்கின்றன. கான்கிரீட் வெகு தூரம் வெளியே நிற்கிறது.

300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர். கோடை நண்பகலில் வெயிலின் தாக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வெளி வெப்பநிலை 60 டிகிரி, உள்ளே 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், வெறும் கான்கிரீட் வழியாக உள்ளே இறங்கும் வெப்பம் 2,750 வாட்டை நெருங்கும். யூ-மதிப்பை 1.2-க்குக் கொண்டுவந்தால் அது 940 வாட்டாகும். அதற்குத் தேவையான தெர்மகோல், கணக்குப்படி, 2 சென்டிமீட்டர்தான். நீர்க்கசிவையும் மிதிபடுவதையும் எண்ணி நடைமுறையில் அதைவிடக் கனமாகப் போடுவார்கள்.

ஆனால் இதே கூரைக்கு வேறொரு சொல்லும் உண்டு: வெயில் எதிரொளிப்பு. படும் வெயிலில் எவ்வளவு பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதே அது. 0 முதல் 1 வரை. பழசாகிக் கறுத்த கான்கிரீட் பெரும்பகுதி வெயிலை விழுங்கிவிடுகிறது. வெள்ளை அடித்த தளம் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிவிடும். மேற்சொன்ன கணக்கில் 60 டிகிரி என்பது 45-ஆக இறங்கும். வெறும் கான்கிரீட்டாகவே இருந்தாலும் உள்ளே வருவது 1,270 வாட் அளவுக்குக் குறையும். ஆண்டுக்கொரு முறை தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், சுண்ணாம்பு அடிக்கும் செலவில் பாதிக்கு மேல் வெப்பம் தடுக்கப்படுகிறது. குளிர்கூரை என்று இப்போது பெயர் பெற்றிருப்பது இதுதான். வணிகக் கட்டடங்களுக்கான 2017-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு புதிய கூரைப் பூச்சுக்கு எதிரொளிப்பு 0.6-க்குக் குறையக்கூடாது என்றும், வாங்கிய சூட்டை வெளியே உமிழும் திறன் 0.9-க்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. 'கூலிங் டைல்ஸ்' வாங்குபவர் கடையில் கேட்க வேண்டியது இந்த இரண்டு எண்களைத்தான். தூசும் பாசியும் படிந்தால் முதல் எண் சில ஆண்டுகளில் இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தடித்த சுவர் செய்வதும் செய்யாததும்

பழைய வீட்டின் ஒன்றரை அடிச் சுவரைக் காட்டி 'இதுதான் இன்சுலேஷன்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 45 சென்டிமீட்டர் செங்கல் சுவரின் யூ-மதிப்பு 1.4 அளவில் இருக்கும். 20 சென்டிமீட்டர் காற்றேற்றக் கான்கிரீட் கல், ஏ.ஏ.சி. பிளாக், 0.8-க்குள் வந்துவிடும். பாதித் தடிமன்கூட இல்லாத கல் கூடுதலாகத் தடுக்கிறது. தடித்த சுவரின் வேலை தடுப்பது அன்று, வாங்கி வைத்துக்கொள்வது. இதற்கு வெப்பத் திணிவு என்று பெயர். வெளியே நண்பகலில் ஏறிய சூடு உட்பக்கம் தெரிய எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்பது காலப் பின்னடைவு: 12 சென்டிமீட்டர் கான்கிரீட்டில் ஏறத்தாழ 3 மணி, 23 சென்டிமீட்டர் செங்கல் சுவரில் 7 அல்லது 8 மணி, 45 சென்டிமீட்டரில் 12 மணிக்கும் மேல்.

இது வரமாவதும் சுமையாவதும் இரவைப் பொறுத்தது. ராஜஸ்தான் போன்ற வறண்ட நிலத்தில் இரவு நன்றாகக் குளிரும். சுவர் பகலில் வாங்கியதை இரவில் விட்டுவிட்டு மறுநாளுக்குக் காலியாகும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு இந்தியாவை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய நிலம் அவற்றில் வெப்ப ஈர மண்டலத்தைச் சேர்ந்தது. ஈரக்காற்று இரவிலும் வெப்பத்தை அவ்வளவாக இறங்கவிடாது. அதனால் தடித்த சுவர் பகலில் பட்டாசலைக் குளிர்ச்சியாக வைத்துவிட்டு, இரவில் உள்ளறையைப் புழுங்கவைக்கும். கோடை இரவுகளில் திண்ணையிலும் தட்டட்டியிலும் படுக்கை விரித்த பழக்கம் இந்தச் சுவரோடு சேர்ந்தே வந்தது. வீடு நன்றாக வேலை செய்ததற்கு, மனிதர் நேரத்துக்கேற்ப இடம் மாறியதும் ஒரு காரணம். அதே வீட்டில் உள்ளறைக்குள் கதவடைத்துப் படுத்தால் திணிவு எதிரியாகிவிடுகிறது. பழைய வீட்டைப் புகழும் எழுத்துகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் செய்தி இது.

ஓட்டுக்கூரையின் கீழ்ப் பலகை பரப்பிய மச்சு வேறு விதமாக உதவுகிறது. ஓடு மெல்லியது, சட்டென்று சுடும், சட்டென்று ஆறும். ஓட்டின் இடுக்குகள் வழியாகச் சூடான காற்று வெளியேறிவிடும். மச்சுக்குக் கீழே இருப்பவருக்குக் கூரையின் அனல் நேரே தெரியாது. ஈர மண்டலத்துக்குத் திணிவற்ற கூரையும் நடுவில் ஒரு காற்றிடைவெளியும் பொருத்தம் என்று பாடநூல்கள் சொல்வதன் உள்ளூர் உருவம் இந்த மச்சுதான்.

வெயில் வரும் திசை

ஆழ்வார்திருநகரி வட அகலாங்கு 8.6 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். பிறகு வடக்கே போய், ஆகஸ்ட் கடைசியில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறான். இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகல் வெயில் வடக்குச் சுவரில் படுகிறது. தெற்குச் சுவரே வெயில் சுவர் என்று ஐரோப்பியப் பாடநூலை அப்படியே பின்பற்றி வடக்குச் சன்னலுக்குச் சன்ஷேட் வைக்காமல் விட்டால் ஆனி, ஆடியில் வெயில் உள்ளே வந்து விழும். இந்த அகலாங்கில் கூரைக்கு அடுத்தபடி அடிவாங்குபவை கிழக்கு, மேற்குச் சுவர்கள். தாழ்வான காலை மாலை வெயிலை ஒன்றரை அடிச் சன்ஷேட் மறைக்காது, மரமோ தாழ்வாரமோதான் மறைக்கும். பொதுச்சுவர் பகிரும் தெருவீடுகளுக்கு இரண்டு பக்கமும் வெயிலே இல்லை.

சுவர், சன்னல், நிழல் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது ஆர்.இ.டி.வி.; குடியிருப்பின் வெளிச்சுற்று வழியாக ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக எத்தனை வாட் உள்ளே வருகிறது என்பது. சம்ஹிதா வைத்த வரம்பு 15. இந்தச் சூத்திரத்தில் கூரைக்கு இடமில்லை. அதற்குத்தான் தனியே 1.2 என்ற வரம்பு. எட்டு மாடி அடுக்ககத்தில் மேல்தளத்துக்காரருக்கு மட்டுமே கூரை பிரச்சினை, மற்றவர்களுக்குச் சுவரும் கண்ணாடியும். ஒற்றைத் தளத் தெருவீட்டில் கணக்கு தலைகீழ். நல்ல ஆர்.இ.டி.வி. எண்ணை வைத்து அத்தகைய வீட்டை மதிப்பிட்டால் வெப்பம் நுழையும் பெரிய வாசலைப் பார்க்காமல் விட்டதாகும். கண்ணாடி வழியாக வெயில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதைச் சொல்லும் எஸ்.எச்.ஜி.சி. என்ற எண்ணும் அடுக்ககத்துக்கும் அலுவலகத்துக்கும் உரியது. இரும்பு அழிக்கம்பியும் மரக்கதவும் வைத்த சன்னலில் அதற்கு வேலை இல்லை.

காற்று

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1990–91-இல் கட்டப்பட்ட வரிசை வீடுகளிலிருந்து பிறந்தது பாஸிவ் ஹவுஸ் தரம். சூடேற்ற ஓராண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் ஆகக்கூடாது. இடுக்கு வழியே காற்று கசியக்கூடாது. காற்றுப்புகாமை அங்கே உயிர்நாடி. ஏ.சி. அறைக்கு அது இங்கும் பொருந்தும். மற்ற அறைகளுக்கு வேண்டியது நேர் எதிர். வெப்ப ஈர மண்டலத்தில் திறக்கக்கூடிய சன்னல் பரப்பு, தரைப் பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்பது சம்ஹிதாவின் விதி. ஐந்து மண்டலங்களில் இதுவே அதிக அளவு.

விதியில் 'திறக்கக்கூடிய' என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். 10-க்கு 12 அடி அறைக்கு 20 சதுர அடி தேவை. நான்குக்கு நான்கடிச் சன்னல் ஒன்று, இரட்டைக் கதவு முழுதாகத் திறந்தால், 16 சதுர அடி தரும். அதே இடத்தில் ஸ்லைடிங் சன்னல் வைத்தால் ஒரு பாதி மறுபாதியை மறைத்துக்கொண்டே இருக்கும், கிடைப்பது 8 சதுர அடி. கொசுவலை அடித்தால் அதிலும் கொஞ்சம் போகும். புதுவீடுகளில் ஸ்லைடிங் சன்னல் பரவியபின் மேல்காற்று வீசும் ஆடி மாதத்திலும் விசிறி ஐந்தில் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

உடல் எந்த வெப்பநிலையில் சுகம் காண்கிறது என்பதற்கும் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று, எங்கும் எப்போதும் 24 டிகிரியை ஒட்டிய ஒரே எண். மற்றது தகவமைவுச் சுகம்: வெளியே பழகிய வெப்பத்துக்கேற்ப உள்ளே ஏற்கும் வெப்பமும் உயரும். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆய்ந்து வகுத்த சூத்திரம் 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. ஏ.சி. இல்லாத கட்டடத்துக்கு, அண்மை நாட்களின் வெளிச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்ட வேண்டும், அதிலிருந்து 2.38 டிகிரி மேலும் கீழும் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஏற்கும். வெளிச் சராசரி 31 என்றால் விடை 29.6, மேல் வரம்பு 32-ஐத் தொடும். இது அலுவலகங்களில் எடுத்த கணக்கு என்பதால் வீட்டுக்கு அப்படியே பொருத்துவதில் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும். ஆனால் 24 டிகிரியைக் குறியாக வைத்தால் கோடை முழுதும் ஏ.சி. இன்றி முடியாது என்றும், 30 டிகிரியை வைத்தால் வெள்ளைக் கூரையும் விசிறியும் பல நாட்களுக்குப் போதும் என்றும் ஒரே வீட்டுக்கு இரண்டு தீர்ப்பு வருவது இந்த ஒரு தேர்வினால்தான்.

யூனிட், டன், நட்சத்திரம்

வாட் என்பது ஓட்டத்தின் வேகம், யூனிட் என்பது ஓடி முடித்த அளவு. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் விசிறி நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், மின்கட்டணம் கணக்கிடும் இரண்டு மாதத்துக்கு 72. பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிக்கு 30 வாட் போதும். அதே ஓட்டத்துக்கு 29 யூனிட். சேமிப்பு 43 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே விசிறியும் இரண்டு விளக்கும் வைத்திருக்கும் வீட்டின் பயன்பாடு அந்த இலவச அளவுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், இந்தச் சேமிப்பு அந்த வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. லாபம் மின்வாரியத்துக்கும் அரசுக்கும். ஆற்றல் திறன் கூடியது என்பதும் செலவு குறைந்தது என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

டன் என்பது ஏ.சி.யின் எடை அன்று. ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் அது; 3,517 வாட்டுக்குச் சமம். வெறும் கான்கிரீட் கூரை வழியே வந்த 2,750 வாட், ஒரு டன் ஏ.சி.யின் திறனில் முக்கால் பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது.

நட்சத்திரங்களைத் தருவது எரிசக்திச் சிக்கன வாரியம். 2001-இன் எரிசக்திச் சிக்கனச் சட்டப்படி 2002-இல் அமைந்தது. லேபிள் திட்டத்தை 2006-இல் தொடங்கியது. ஏ.சி.க்கான அளவு ஐ.எஸ்.இ.இ.ஆர்.: ஒரு பருவம் முழுதும் வெளியேற்றிய வெப்பத்தை, அதற்குச் செலவான மின்சாரத்தால் வகுத்தது. லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. இரவெல்லாம் எட்டு மாதம் ஓட்டும் வீட்டுக்கு அந்த எண் குறைவு. சித்திரை, வைகாசி இரவுகளில் மட்டும் ஓட்டுபவருக்கு மிகை. தரம் சில ஆண்டுகளுக்கொரு முறை உயர்த்தப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரப் பெட்டி புது அட்டவணையில் ஐந்தாகவே இருக்காது. சீலிங் விசிறிக்கு 2023 சனவரி முதல் லேபிள் கட்டாயம். அதில் அளப்பது வெறும் வாட் அன்று. ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்று என்பது.

கட்டடங்களுக்கும் நட்சத்திரம் உண்டு. அதன் அளவு இ.பி.ஐ., ஓராண்டு யூனிட்டைத் தரைப்பரப்பால் வகுத்தது. 2009-இல் திட்டம் தொடங்கியபோது வகுத்த அட்டவணையில், வெப்ப ஈர மண்டலத்தில் பாதிக்கு மேல் ஏ.சி. உள்ள அலுவலகம் ஐந்து நட்சத்திரம் பெற, சதுர மீட்டருக்கு 100 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். இரு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் 800 சதுர அடி வீட்டின் எண் 16. ஐந்து நட்சத்திர அலுவலகம் நட்சத்திரமே இல்லாத இந்த வீட்டைப் போல் ஆறு மடங்கு செலவழிக்கலாம். இதில் மோசடி ஏதுமில்லை. நட்சத்திரம் தன் வகைக்குள் மட்டும் ஒப்பிடுகிறது. மொத்தத்தில் குறைவாகச் செலவழிப்பதற்கு அந்த அட்டவணையில் பெயர் இல்லை.

சுவருக்குள் இருக்கும் ஆற்றல்

இதுவரை பார்த்தது வீடு ஓடும்போது ஆகும் செலவு. வீட்டைக் கட்டுவதற்கு முன்பே, சூளையிலும் ஆலையிலும் லாரியிலும் செலவான ஆற்றல் உள்ளுறை ஆற்றல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வெங்கடராம ரெட்டியும் ஜகதீஷும் 2003-இல் வெளியிட்ட அட்டவணை இந்தியாவில் இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. ஒரு கிலோவுக்கு மெகாஜூலில்: சிமெண்ட் 5.85, சுண்ணாம்பு 5.63, கண்ணாடி 25.8, எஃகு 42, அலுமினியம் 236.8.

கனவு இல்லத்தின் 300 சதுர அடிக் கூரையைத் தோராயமாக நிறுத்துப் பார்க்கலாம். 12 சென்டிமீட்டர் தடிமனில் 3.3 கனமீட்டர் கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் 26 மூட்டைக்கு மேல் சிமெண்ட், 265 கிலோ கம்பி. சிமெண்ட்டின் பங்கு 7,800 மெகாஜூல், கம்பியின் பங்கு 11,100. எல்லாரும் சிமெண்ட்டைக் குறை சொல்ல, கம்பி அதை முந்தி நிற்கிறது. மொத்தம் 19,000 மெகாஜூல்; யூனிட்டாக மாற்றினால் 5,250. ஆண்டுக்கு 1,200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இது நாலேகால் ஆண்டுக்கும் மேலான மின்சாரத்துக்குச் சமம் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் அளந்தவை அல்ல. முன்னது எரிபொருள் நிலையில் அளந்த மூல ஆற்றல், பின்னது மீட்டரில் அளந்தது. அனல் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. 1,200-ஐ மூன்றால் பெருக்கி ஒப்பிட்டால் ஒன்றரை ஆண்டுதான் வருகிறது. எல்லைக்கோட்டை நகர்த்தினால் முடிவு எவ்வளவு மாறும் என்பதற்கு இந்தக் கூரையே போதும்.

அட்டவணையில் இன்னொன்றும் உறுத்தும்: பசுமைக்கு அடையாளமாகப் பேசப்படும் சுண்ணாம்பு, கிலோவுக்குக் கிலோ சிமெண்ட்டோடு ஒட்டி நிற்கிறது. அதுவும் சூளையில் வெந்ததுதானே. அதன் அனுகூலம் வேறு இடத்தில். செங்கல்தூள் போன்ற பொசலானாவோடு கலந்தால் எண் 2.33-க்கு இறங்குகிறது, இறுகும்போது காற்றின் கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது, பழைய செங்கல்லைப் பூச்சிலிருந்து முழுதாகப் பிரித்து மறுபடி பயன்படுத்த விடுகிறது. கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்துக் குழைத்த சுண்ணாம்பும், வைரம் பாய்ந்த பனங்கையும் இப்பகுதியின் பழைய கட்டுமானத்துக்குரியவை. தேரிக்காட்டுப் பனை பக்கத்திலேயே இருந்தது.

'உள்ளூர்ப் பொருள்' என்ற தகுதி இதனோடு குழம்புகிறது. லீட் என்னும் பசுமைச் சான்றுத் தரத்தின் பழைய பதிப்புகள் 500 மைல் தொலைவுக்குள் எடுத்துச் செய்த பொருளுக்குப் புள்ளி தந்தன. அந்த அளவுகோலில் ஆழ்வார்திருநகரிக்குப் பெங்களூரும் கொழும்பும் உள்ளூர்தான். நிஜமாகவே அருகில் இருப்பதும் பசுமையாகிவிடாது: இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949-இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில்தான் தொடங்கியது. மிக உள்ளூரான பொருள் ஆற்றுமணல். அதன் உள்ளுறை ஆற்றல் மிகச் சொற்பம். ஆற்றுக்கு ஆன சேதம் மெகாஜூலில் அடங்காது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கு ஆற்றல் கூடுதலாகச் செலவாகும். ஆற்றல் கணக்கு மட்டும் பார்ப்பவர் ஆற்றுமணலைத்தான் தேர்ந்தெடுப்பார்.

சான்றிதழும் சுழியமும்

லீட், ஐ.ஜி.பி.சி., கிருஹா ஆகியவை புள்ளி முறைகள். ஆற்றல், நீர், பொருள், மனை, உட்காற்று எனப் பல தலைப்பில் சேர்த்த புள்ளி ஒரு பதக்கமாகிறது. எதில் எடுத்தது, எதில் விட்டது என்பது பதக்கத்தில் தெரியாது. தங்கச் சான்றுக்குரிய பசுமைச் சட்டமன்றக் கட்டடமாகப் பேசப்பட்டு 2010-இல் சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் திறக்கப்பட்ட கட்டடம் இப்போது பல்நோக்கு மருத்துவமனை. அலுவலகமாக எண்ணிப் போட்ட ஆற்றல் கணக்கு இருபத்துநான்கு மணி நேர மருத்துவமனைக்குப் பொருந்தாது.

நிகரச் சுழியம் என்பது ஓராண்டில் வாங்கியதும் கொடுத்ததும் சரிக்குச் சரி என்ற கணக்கு. 2014-இல் திறந்த டெல்லி இந்திரா பர்யாவரண் பவன் 930 கிலோவாட் சூரியத் தகடுகளோடு இதற்கு இந்தியாவின் முன்மாதிரி ஆனது. ஆழ்வார்திருநகரி வீட்டுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் தரும். ஆண்டுக்கு 1,460 யூனிட், தேவையோ 1,200. ஏட்டில் சுழியத்துக்கும் கீழே போய்விட்டது. ஆனால் தகடு தருவது பகலில், விசிறி ஓடுவது இரவில். இரவு மின்சாரம் தூத்துக்குடி அனல் நிலையத்திலிருந்தும் வரலாம். மேல்காற்று வீசும் மாதங்களில் கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகளிலிருந்தும் வரலாம். இந்திய மின்தொகுப்பின் சராசரி யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு. அந்தச் சராசரி நேரத்தையும் பருவத்தையும் மறைத்துவிடுகிறது. ஆற்றல் சுழியம், கரிமச் சுழியம், கட்டுமானத்தையும் சேர்த்த முழுவாழ்நாள் சுழியம் மூன்றும் வேறு வேறு எண்கள்.

இவ்வளவு விதிகளில் எதுவும் இங்குள்ள தெருவீட்டைக் கட்டுப்படுத்தாது. சம்ஹிதா 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கென எழுதப்பட்டது. எரிசக்திச் சிக்கனச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 100 கிலோவாட் இணைப்புச் சுமையை எல்லையாக வைக்கிறது. சில கிலோவாட் இணைப்புள்ள வீடு அந்தக் கோட்டுக்கு வெகு கீழே.

வாழ்நாள்

உள்ளுறை ஆற்றலை வீடு நிற்கும் ஆண்டுகளால் வகுத்தால்தான் அது மற்ற எண்களோடு ஒப்பிடத்தக்கதாகும். நூறாண்டு நின்ற கட்டைக்குத்து வீட்டுக்கு அந்தப் பங்கு அற்பம். முப்பதாண்டில் கம்பி துருப்பிடித்துத் தளம் உதிர்ந்தால் மூன்று மடங்கு. இந்த வகுத்தலில் 2023 டிசம்பர் 17, 18 நாட்கள் ஒரு புதுச் சொல்லை நுழைத்தன: தாங்குதிறன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூர் விரைவு ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஆற்றின் இரு கரையிலும் மண்சுவர் வீடுகள் கரைந்து விழுந்தன. உள்ளுறை ஆற்றல் அட்டவணையில் முதலிடம் பெறும் வெறும் மண்சுவர், வெள்ளம் நின்ற இடத்தில் முதலில் போயிற்று. சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்திய நிலைப்படுத்திய மண்கல் செங்கல்லைவிடக் குறைந்த ஆற்றலில் ஆவது, நீரிலும் நிற்பது; ஆனால் அதற்கும் அஸ்திவாரமும் தரைமட்டமும் வெள்ளக் கோட்டுக்கு மேலே இருந்தாக வேண்டும்.

அந்த இரண்டு நாட்களில் மக்கள் ஏறி நின்றது கான்கிரீட் தட்டட்டிகளில். யூ-மதிப்பிலும் உள்ளுறை ஆற்றலிலும் கடைசியில் நிற்கும் கூரை அன்று அடைக்கலமானது. வாட்டுக்கும் மெகாஜூலுக்கும் அடைக்கலத்துக்கும் பொது அலகு இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து விடை காண முடியாது. இப்பகுதியில் கட்டுபவருக்கு எஞ்சுவது, தளத்தைக் கான்கிரீட்டாகவே வைத்து அதன் மேற்பரப்பைத் திருத்துவது. நடுவில் மங்களூர் ஓடு பதித்து, கான்கிரீட்டைக் குறைக்கும் ஃபில்லர் தளத்தை மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கினார். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொண்ட வெதரிங் கோர்ஸ் போட்டு வெள்ளை ஓடு பதித்தால் யூ-மதிப்பும் இறங்குகிறது, எதிரொளிப்பும் ஏறுகிறது, மேலே ஏறி நிற்கவும் முடிகிறது.